கூடையில் குடல், கோயமுத்தூரில் நாலு நாள்

கேட்பதற்கு வேறு சங்கதியே கிடைக்கவில்லையா உங்களுக்கு? எங்கள் தெருவிலேயே சிங்கப்பூர் போய்வந்த ஒருவன் இருக்கிறான். அவனைப் பிடித்து உட்கார வைத்து, என்ன தின்றாய், எதில் ஏறினாய் என்று கேட்டால் பொழுது நன்றாகப் போகும். அதை விட்டுவிட்டு ஒரு கிழவியின் குடலுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்து நிற்கிறீர்களே, கூச்சமாக இல்லை? சரி, வந்தது வந்துவிட்டீர்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

எனக்குக் கோயமுத்தூரே சிங்கப்பூர்தான். தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் மாதிரி நடந்து காட்டியதற்காக வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு அறுபது வயது வரை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இரண்டு பக்கமும் தலை வைத்ததில்லை.

அறுபதில் சர்க்கரை வந்தது. அரிசியைக் குறை, கோதுமை தின்னு என்றார்கள். தினமும் இரண்டு வேளை சப்பாத்தி. நாலைந்து மாதத்தில் வயிறு பானை மாதிரி உப்ப ஆரம்பித்தது. தின்ற எதுவும் உள்ளே தங்கவில்லை. (இங்கே மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.) பூச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் ஆடுகளுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் பூச்சி மருந்து. ஆடுகள் தேறின. நான் இளைத்துக்கொண்டே போனேன்.

கடைசியில் கோயமுத்தூரில் ஒரு குடல் டாக்டரிடம் காட்டினார்கள். படம் எடுத்துப் பார்த்தவர், குடலில் ஓரிடம் தடித்துக் குறுகியிருக்கிறது என்றார். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் கடுகு கடுகாய்ச் சதை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சாப்பாடு ஏதோ ஒன்று குடலுக்கு ஆகவில்லை என்று முடிவு வந்தது. நோய் ஆரம்பித்தது சப்பாத்தியோடு என்பதால் கோதுமை மேல்தான் சந்தேகம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி எதையும் ஆறு வாரம் தொடக் கூடாது, பிறகு மறுபடி கிள்ளிப் பார்க்கலாம் என்று அனுப்பினார்.

தொடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திருடி. சர்க்கரை வந்த பிறகும் வெல்லத்தை வெற்றிலைப் பைக்குள் ஒளித்துத் தின்றவள். ஆனால் அந்த ஆறு வாரம் சத்தியமாகத் தொடவில்லை. அந்த ஆறு வாரம் முடிந்து போன பயணத்தைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் விடிகாலை பஸ். துணைக்கு மருமகள் மல்லிகா. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் பட்டினி. குழாய் விட வேண்டும் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். இரண்டு மைல் போனதும் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ரோட்டின் குறுக்கே யானை. பக்கத்துத் தோட்டத்து வாழையைக் குருத்தோடு உரித்து, நிதானமாக, உறவுக்காரர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தின்றுகொண்டிருந்தது.

நான் ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"ஏனுங்க அம்மா, தலைய உள்ள இழுங்க. அது பாத்துட்டா வம்பு" என்றார் கண்டக்டர்.

"பாக்கட்டுமுங்க. மிச்சம் மீதி வெக்குமான்னுதான் நானும் பாக்கறேன்."

"அத்தை, உங்களுக்கு இன்னிக்குப் பச்சத்தண்ணி ஆகாது. யானையோட பங்கு கேக்காதீங்க" என்று மல்லிகா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

முக்கால் மணி நேரம். அது தின்றது, நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஏன் தாமதம் என்று நர்ஸ் அதட்டினாள். யானை வழி விடவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. இந்தப் பயணத்தில் என்னை நம்பாதவர்களின் வரிசையில் முதல் ஆள் அவள்தான்.

குழாயைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தொண்டையில் மருந்தடித்தார்கள், நாக்கு என்னுடையதா பக்கத்து வீட்டுக்காரியுடையதா என்று தெரியாமல் போனது. கறுப்புக் குழாய் இறங்கியது. "முழுங்குங்க, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் நான் வாய் பேசாமல் இருந்தது குழாய் இறங்கிய நேரத்தில் மட்டும்தான் என்று மல்லிகா பிறகு ஊர் முழுக்கச் சொன்னாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போதெல்லாம் சதையைச் சோதிக்க ஆள் கிடையாது. சின்னக் கண்ணாடிப் புட்டியில், மருந்துத் தண்ணீரில், கிள்ளிய துண்டுகளைப் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆர்.எஸ்.புரத்தில் இருந்த சோதனைச்சாலையில் நாம்தான் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். மல்லிகா அதை ஒயர் கூடையில் என் வெற்றிலைப் பைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். டவுன் பஸ்ஸில் ஏறினோம். எத்தனையோ பேர் எத்தனையோ சாமான் கொண்டு போகிறார்கள். தன் குடலைத் தானே மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்தவள் அந்த பஸ்ஸில் நான் ஒருத்திதான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் கூடையை எட்டிப் பார்த்தார். "ஊறுகாயுங்களா?"

"ஆமாங்க. குடல் ஊறுகா. உப்புப் பாக்கறீங்களா?"

மல்லிகா என் தொடையில் கிள்ளினாள். பெரியவர் உட்காரக் கிடைத்த இடத்தைக்கூட விட்டுவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்.

போன தடவை புட்டியை மகன் கொண்டு போனதால் சோதனைச்சாலையை நான் பார்ப்பது இதுதான் முதல். அங்கே ஒரு டாக்டரம்மா. சதையைப் பார்ப்பதே வேலை என்பதால் நான் சதை டாக்டரம்மா என்று பெயர் வைத்தேன். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் புட்டியை வாங்கிக்கொண்டார். யாரும் என் உடம்பை அப்படி மரியாதையாக வாங்கியதில்லை. "நாளன்னைக்கு மத்தியானம் வாங்கம்மா, நீங்களே வந்து கண்ணால பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் கும்பிடு போடலாம்.

இரண்டாம் நாள் செல்வபுரத்தில் என் தங்கை ராமாத்தா வீட்டில் இருந்தோம். டவுன்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பெருமை. "எங்க சிறுவாணித் தண்ணி குடிச்சுப் பாருங்க அக்கா, இளநீயாட்ட இருக்கும்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அந்தத் தண்ணீர் எங்கள் மலைப் பக்கத்திலிருந்துதான் குழாயில் இவளுக்கு வருகிறது. ஊருக்குப் போகும்போது கொஞ்சம் உங்கள் தண்ணீர் கொடு என்று கேட்டேன். அவளுக்கு உறைக்கவில்லை.

விஷயம் தெரிந்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம், வர ஆரம்பித்தது. எங்கள் பக்கம் சீக்காளியைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ரொட்டி. காய்ச்சலா, ரொட்டி. கால் முறிந்ததா, ரொட்டி. வயிறு சரியில்லையா, இரண்டு ரொட்டி. மத்தியானத்துக்குள் ராமாத்தாவின் அலமாரியில் ஆறு பாக்கெட் சேர்ந்துவிட்டது. அந்த ஆறு வாரத்துக்கு முன்னால் நலம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுதான் நான் இளைத்திருக்கிறேன். அதில் ஒருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. வந்த பிரியத்தைத்தான் தின்றேன். அது குடலுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். ஆறு பாக்கெட்டையும் பக்கத்து வீட்டு எருமைக்குக் கொடுத்தோம். அது ஒரு வாரம் மட்டும் பணக்கார எருமையாக இருந்தது.

ராமாத்தா எனக்காகத் தனிச் சமையல் செய்தாள். குழைந்த சோறு, ரசம், மோர். "வகுத்துக் கோளாறுக்கு ரசந்தான் மருந்து. காயம் தூக்கலாப் போட்டிருக்கேன், நல்லாக் குடிங்க அக்கா" என்று டம்ளர் டம்ளராக ஊற்றினாள். வீட்டிலும் மல்லிகா இதையேதான் ஆறு வாரமாகச் செய்தாள். சாயங்காலம் எனக்கு வயிறு உப்பியது. உப்புசம் கண்டதும் ராமாத்தா மோரில் இன்னும் கொஞ்சம் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சதை டாக்டரம்மா என்னை முக்காலியில் உட்கார வைத்துப் பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு ரோஜாப்பூ நிறத்தில் ஒரு ஊரே விரிந்தது. அதில் ஊதா ஊதாவாய் விரல்கள். அந்த விரல்களுக்கு நடுவே, வரகைக் கொட்டின மாதிரி, செக்கச் செவேலென்று புள்ளிகள்.

"இது உங்க குடல்ம்மா. அந்தச் செவப்பெல்லாம் ரத்தத்துலருந்து வர்ற ஒரு வகை அணு. சாயம் போட்டா இப்படிச் செவக்கும். ஒடம்புக்கு ஆகாதது உள்ள வந்தா அங்க போய்க் கூட்டம் கூடும். நாலஞ்சு இருந்தா தப்பில்ல. இது திருவிழாக் கூட்டம்."

"போன தடவையும் இத்தனை இருந்துச்சுங்களா?"

அவர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "இப்படியேதான் இருந்துச்சு. கோதுமைய நிறுத்தினதுக்குக் கொறஞ்சிருக்கணும். கொறையல."

"எதனால கூடியிருக்குதுன்னு அதுகளையே கேட்டுச் சொல்லக் கூடாதுங்களா?"

"திருடன் வந்துட்டான்னு கத்தும்மா, திருடன் பேர் சொல்லாது. அதை நாமதான் சாப்பாட்டுல தேடணும்."

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு குடல் டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர், அவசரக்காரர். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. ஒரு பன்னு? ஒரு பிஸ்கட்டு?"

"இல்லீங்க."

"கொஞ்சமாச் சாப்பிட்டாலும் சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன். நீங்க சாப்பிடலைன்னா இது சாப்பாட்டுக் கோளாறு இல்லைன்னு ஆகுது. அப்ப அந்தக் குறுகின இடத்துல வேற ஏதோ இருக்கு. இதை அமுக்கற மாத்திரை உங்க சர்க்கரைக்கு ஆகாது. வயித்தைத் திறந்து பாத்துடறதுதான் நல்லது. நாளைக்குக் காலையில மகனை வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போடணும்."

சிரித்துப் பேசுகிற இடம் இல்லை அது. தின்றேன் என்று பொய் சொன்னால் கத்தி தள்ளிப்போகும். ஆனால் உள்ளே நிஜமாகவே வேறு ஏதாவது இருந்தால்? அந்தப் பொய்யே என்னைக் கொன்றுவிடும். வாழ்நாளில் முதல் தடவையாகப் பொய் சொல்லப் பயந்தேன்.

வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்தில் மல்லிகா ஊருக்குப் பேசினாள். திரும்பி வந்தவள் என் வெற்றிலைப் பையை வாங்கித் தலைகீழாக உதறினாள். பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு ஊக்கு.

"தேடு கண்ணு. கொண்டைக்குள்ள ரவா உப்புமா வெச்சிருப்பேன், அதையும் அவுத்துப் பாரு."

"சிரிக்காதீங்க அத்தை. நாளைக்கு உங்களைக் கிழிக்கப் போறாங்க. தின்னிருந்தாச் சொல்லிப்போடுங்க, உங்க கால்ல வேணாலும் உழறேன்" என்று அந்த நடைபாதையிலேயே அழுதாள். வீட்டுக்குப் போனால் ராமாத்தாவும் அதையே கேட்டாள். ஊரைச் சிரிக்க வைத்தே பிழைத்தவளுக்கு வருகிற தண்டனை இதுதான் போலிருக்கிறது. நிஜத்தைச் சொன்னாலும் அடுத்த வரியில் சிரிப்பு வரும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. மூன்று நாள் ரசத்தில் ராமாத்தாவின் பெருங்காய டப்பா காலி. "உக்கடத்துல பாய் கடையிலதான் நான் வாங்கறது. மல்லிகா, நீ போயிட்டு வாரியா?" என்றாள். வீட்டில் உட்கார்ந்து கத்தியை நினைத்துக்கொண்டிருப்பதற்குப் பதில் நானும் கிளம்பினேன்.

பழைய கடை. வாசலிலேயே மணம் ஆளைப் பிடித்து இழுத்தது. பாய்க்கு என் வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி. கடைக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு ஆட்கள் முழங்கை வரைக்கும் வெள்ளையாகப் பெரிய தாம்பாளத்தில் எதையோ போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சுவரோரம் மூட்டைகள். ஒரு மூட்டை வாய் அவிழ்ந்திருந்தது. ஆறு வாரமாக நான் எதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேனோ, அதே வெள்ளை மாவு.

"ஏனுங்க பாய், உள்ள புரோட்டாக் கடையும் நடத்தறீங்களா?"

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "இல்லீங்கம்மா. அதான் நீங்க வாங்க வந்த காயம். சுத்தக் காயம் பாலாட்டப் பிசினுங்க. அதை அப்படியே வாயில வெச்சா நாக்கு வெந்துரும். கோந்தும் மைதாவும் போட்டுப் பிசைஞ்சாத்தான் ஊட்டுச் சமையலுக்கு ஆகும். எங்க வாப்பா காலத்துலருந்து இதான் முறை. கட்டிக் காயமுன்னு விக்கறதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தானுங்க."

எனக்குப் பின்னால் கூடை கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாய் பதறிப்போய் ஸ்டூல் போட்டார். விஷயத்தைச் சொன்னோம். இந்த உலகத்தில் அந்த மூன்று நாளில் என்னை முதல் வார்த்தையிலேயே நம்பியவர் அவர்தான். தாடியை நீவிக்கொண்டு, "நாப்பது வருசமா விக்கறேன், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லீங்க. நாளைக்கு டாக்டரு நம்பலைன்னா என்னைக் கூப்புடுங்க, நான் வந்து சொல்றேன்" என்றார். பிறகு உள்ளே போய் பிசைந்த உருண்டையில் ஒன்று, மைதாவில் ஒரு கை, மாவு கலக்காத பிசினில் ஒரு துளி, மூன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் சாமி கும்பிடும்போதெல்லாம் அந்தத் தாடி நினைவுக்கு வருகிறது.

திரும்பும் பஸ்ஸில் மல்லிகா தலையைத் தூக்கவே இல்லை.

"ஆறு வாரமா என்ற கையால உங்களுக்கு வெசம் வெச்சிருக்கேன் அத்தை."

"வெசம் வெக்கறவ இவ்வளவு மணமா வெப்பாளா கண்ணு?"

"வெளையாடாதீங்க. ஊருல தெரிஞ்சா என்னன்னு பேசுவாங்க? மாமியாளை ரசம் ஊத்தியே கொல்லப் பாத்தான்னு சொல்ல மாட்டாங்களா? எங்கம்மா ஊடு வரைக்கும் போயிரும் பேச்சு."

அது போகும் என்று எனக்கும் தெரியும். அதனால் சிரிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் படுக்கையில் அசிங்கம் செய்த நாட்களில் முகம் சுளிக்காமல் துவைத்த கை அது.

நாலாம் நாள் காலை. மகன் முதல் பஸ்ஸில் வந்து முகம் வெளுத்துப்போய் நின்றான். டாக்டர் கையெழுத்துக் காகிதத்தை எடுத்து வைத்தார். நான் அதன் மேல் மூன்று பொட்டலத்தையும் பிரித்தேன். அறை முழுக்க ரச வாசம்.

"என்னம்மா இது?"

"திருடனுங்க. பேரு தெரிஞ்சுபோச்சு."

மல்லிகா பாய் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் உருண்டையை முகர்ந்தார். சதை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் இவர், "ஆமா, தினமும் மூணு வேளை ரசமாம்... சரி, நானும் வெயிட் பண்றேன்" என்றார். போனை வைத்துவிட்டு, "எங்க ஊட்லயும் தினம் இதைத்தான் போடறாங்க. எனக்கே தெரியாதும்மா. நேத்து உங்களை நம்பாமப் பேசிட்டேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார். இந்தக் காலத்தில் எந்த டாக்டர் அப்படிச் சொல்வார்? பெருங்காயமும் இல்லாமல் இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம் என்று காகிதத்தை மடித்து மேஜைக்குள் போட்டார். மகன் கோயமுத்தூருக்கு வந்து, யாரையும் திட்டாமல், எதிலும் கையெழுத்துப் போடாமல் திரும்பினான்.

ஆறு வாரத்துக்குப் பிறகு மறுபடியும் குழாய், புட்டி, கூடை, டவுன் பஸ். முக்காலியில் ஏறிக் கண்ணை வைத்தேன். அதே ரோஜா ஊர், அதே ஊதா விரல்கள். சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. அங்கொன்று, இங்கொன்று, தேர் நிலைக்கு வந்த மறுநாள் வீதி மாதிரி.

"போயிருச்சும்மா" என்றார் சதை டாக்டரம்மா. நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் அழுதது தெரிந்துவிடும்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஆபரேஷன் இல்லாமல் எப்படித் தப்பித்தாய், எது ஆகாமல் இருந்ததாம், யார் கண்டுபிடித்தார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சமையலறை வாசற்படியில் மல்லிகா கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: "நானெங்க கண்டேன்? பாய் கடையில பொம்மையாட்ட நின்னுட்டிருந்தேன். உள்ள மாவு மூட்டையப் பாத்து, இது என்னன்னு கேட்டதே என்ற மருமவதான். டாக்டருக்கே தெரியலை, இவ கண்டுபுடிச்சுப்போட்டா. இவ இல்லீன்னா இந்நேரம் என்ற வகுத்துல தையல் போட்டிருப்பாங்க."

"அத்தை..." என்று வாயெடுத்தாள் மல்லிகா. நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

"மருமவன்னா இப்படியல்லோ இருக்கோணும்!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி எழுந்து போய் மல்லிகாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

வாழ்நாள் முழுக்க நான் சொன்ன நிஜத்தை அந்தப் பாயைத் தவிர எவரும் ஒரே தடவையில் நம்பியதில்லை. இந்தப் பொய்யை மட்டும் ஏழெட்டுப் பேரும் மறுபேச்சுப் பேசாமல் நம்பிவிட்டார்கள்.